கலப்படம்தான், இப்ப என்ன?

ரெண்டு நாளா பேசாமத்தான் இருந்தேன். என்ட ஒரு படப் போஸ்டுக்கு விழுந்த கொமென்ட்ட ஸ்கிரீன்ஷாட் சுத்துறது, ஆளாளுக்கு இன்பாக்ஸ்ல வந்து "பார்த்தியா"ண்டு கேக்குறது, எல்லாம் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நேத்து ராத்திரி யாரோ ஒரு புண்ணியவான் அதை எங்கட அம்மாக்கும் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கார். இனி எழுதாம இருக்கேலாது.

நான் அப்படி என்ன எழுதிட்டேன்? டூரிஸ்ட் ஃபேமிலி நல்ல படம், தியேட்டர்ல ரெண்டு தரம் பார்த்தேன், ரெண்டு தரமும் அழுதேன், ஆனா இலங்கைத் தமிழனா நடிக்கிற சசிகுமாருக்கு ரெண்டு வசனம் யாழ்ப்பாணத்தில வந்தா மூண்டாவது மதுரைக்கு பஸ் ஏறிடுது. இவ்வளவுதான். அதுக்குக் கீழ ஒரு அண்ணன் போட்ட பதில், "கொழும்புக் கலப்படத் தமிழ் கதைக்கிற ஆக்கள் எங்கட தமிழுக்கு மார்க்ஸ் போட வேண்டாம்." கீழ ஹார்ட்டும் சிரிப்பும் வரிசையா.

பிடிச்ச படத்தில பிழை சொல்லலாம். பிடிச்சபடியாத்தான் சொல்றது. பிடிக்காத படத்துக்கு நான் இன்டர்வலோட எழும்பி வந்துடுவேன், போஸ்டும் போட மாட்டேன்.

"தமிழ்நாட்டுக்காரங்க எங்களைப் பற்றி எடுத்ததே பெரிய விசயம்"ண்டு ஒரு குரூப். ஏன், நாங்க என்ன பந்தியில கடைசியா உக்கார வச்ச ஆக்களா, உப்பு கூடண்டு சொல்லக் கூடாதா? ஓசியில பார்க்கல்ல ஐயா. குடும்பத்தோட போனா டிக்கெட்டும் பாப்கோர்னும் சேர்த்து ஒரு கிழமை மரக்கறிக் காசு.

"பாஷை இல்ல, உணர்வுதான் முக்கியம்"ண்டு இன்னொரு குரூப். இவங்க படத்தைப் பார்த்தாங்களாண்டே எனக்கு சந்தேகம். பொருளாதார நெருக்கடியில இலங்கையில இருந்து தமிழ்நாட்டுக்குத் தப்பிப் போன குடும்பத்துக்கு யோகி பாபு சொல்ற புத்தியே உங்கட தமிழை வெளிய கதைக்காதீங்கண்டுதான். கதையே அதுதானே! ஒளிச்சு வைக்க வேண்டிய தமிழ் முதல்ல வாயில இருக்கணுமா இல்லையா? தீபன் படத்தில இலங்கை அகதியா நடிச்ச காளீஸ்வரி சென்னைக்காரிதான், அதில எனக்கு ஒரு நெருடலும் வரல்ல. அப்ப ஏலும்தானே.

"அப்ப நீங்க எடுத்துக் காட்டுங்க." எடுத்திருக்காங்களே. தர்மசேன பத்திராஜ, சிங்கள டைரக்டர், யாழ்ப்பாணத்துக்குப் போய் பொன்மணிண்டு ஒரு தமிழ்ப் படம் எடுத்தார், 1977ல. எத்தனை பேர் பார்த்திருக்கீங்க? சரி, இது சரியான பதில் இல்லதான். நானும் ஒரு கிழிஞ்ச கொப்பியிலதான் பார்த்தேன்.

கமல் இலங்கைத் தமிழ் கதைச்ச தெனாலி வந்தது 2000ல. எனக்கு எட்டு வயசு. தியேட்டருக்குள்ள சனம் விழுந்து விழுந்து சிரிச்சது, வெளிய வந்ததும் எல்லாருக்கும் வாய் மூடிட்டுது, சண்டைக் காலத்துக் கொழும்பில வெளிய தமிழ் கதைக்கவே பயம். நூறாம் நம்பர் பஸ்ல ஏறி நான் கமல் மாதிரி கதைச்சுக் காட்டத் தொடங்க, அம்மா கையில கிள்ளினா பாருங்க, நகம் பதிஞ்சுது. நான் கதைச்சுக் காட்டினது அவட தமிழ்தான், யாழ்ப்பாணத்துக் கரவெட்டித் தமிழ். அந்த நாள்ல எங்களுக்கு பஸ்ல ஒரு சட்டம். அம்மாண்டு கூப்பிடலாம், சிங்களத்திலயும் அது அம்மாதான். அப்பாண்டு கூப்பிடக் கூடாது. அப்பாட சட்டையைப் பிடிச்சு இழுக்கணும்.

இப்ப வந்து "எங்கட தமிழ்"ண்டா யார்ட தமிழ்? அம்மா கரவெட்டி, அப்பா மலையகத்து ஹட்டன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி இருக்குங்கிறதை "ஈக்கிது"ண்டு சொல்லுவா, ஸ்கூல் கொழும்பு பம்பலப்பிட்டி. இதில எதைக் கழிச்சிட்டு நான் கதைக்கிறதாம்? கலப்படம்ண்டா பாலில தண்ணி ஊத்துறது. என்ட வாயில ஒருத்தரும் தண்ணி ஊத்தல்ல. சும்மா கதைக்கக் கூடப் பயந்த ஊரில இருந்து மிச்சம் பிடிச்ச தமிழ் இது, அதுக்கும் ஒரு செக்பொயின்ட் போட வந்துட்டார் அண்ணன்.

கோவத்தில கொஞ்சம் அதிகமாக் கதைச்சிருந்தா பரவாயில்ல, இருக்கட்டும்.

அந்த மதுரை பஸ் விசயமே நான் கண்டுபிடிச்சது இல்ல. படம் ஓடிட்டு இருக்கேக்க அம்மாதான் காதுக்குள்ள கேட்டா, "இது எந்த ஊர்த் தமிழ் பிள்ளை?"

நேத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கொமென்ட்டை முழுசா வாசிச்சா. ஒண்டும் சொல்லாம ஃபோனை என்ட கையில தந்தா. பேந்து குசினிக்குள்ள இருந்து சத்தம் வந்துது.

"உனக்கு எத்தினை தரம் சொன்னனான், வெளியில கதைக்காதையெண்டு."