வெட்டினாத்தான் மானியமாம்!

விவசாய மானியத்துக்கு எழுதிப் போட அப்பாவும் நானும் போய், இன்னிக்கும் வெறுங்கையோடதான் திரும்பி வந்தோம். எந்தக் கவுண்டர்னு பினாங்கு பாலிக் பூலாவ் மலையில நிலம் வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

கவுண்டர்ல இருந்த பொண்ணு பாரத்தை எடுத்துச்சு. துரியான் எத்தனை மரம்? சொன்னோம். வயசு? சொன்னோம். ஜாதிக்காய்? அதுவும் சொன்னோம். "மேல சரிவுல என்ன நட்டிருக்கீங்க, அங்கிள்?" "நடலம்மா, அது காடு. எங்க தாத்தா காலத்துலருந்து கை வைக்கல, கீழ ஓடை இருக்கு"ன்னாரு அப்பா. பேனா அப்படியே நின்னுருச்சு. எந்திரிச்சுப் பக்கத்து மேசையில கேட்டுச்சு. அவரு உள்ள போய் இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்தாரு. வந்தவரு நின்னபடியே மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சாரு: துரியான் எத்தனை, வயசு என்ன, ஜாதிக்காய் எத்தனை, மேல என்ன? அப்பாவும் பொறுமையா மறுபடி முதல்லருந்து சொன்னாரு. காடுன்னதும் அவரு கரெக்‌ஷன் பேனாவை எடுத்தாரு. அந்தப் பொண்ணு எழுதியிருந்ததை அழிச்சாரு. ஊதிக் காய வச்சாரு. அது மேல பெருசா ஒரு பூஜ்யம் போட்டாரு.

அரை ஏக்கர் காடு. பூஜ்யம்!

அப்புறம் சொன்னாரு பாருங்க, அதான் இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு. "அதைச் சுத்தம் பண்ணிட்டு மூசாங் கிங் துரியான் நடுங்க அங்கிள், அப்ப கன்னு, உரத்துக்கு எழுதிப் போடலாம்." இதே பினாங்குலதான் கடல் மட்டத்துலருந்து 76 மீட்டருக்கு மேல இருந்தா மலை நிலம், 25 பாகைக்கு மேல சரிவுன்னா தொடாதேன்னு சட்டம் பேசறாங்க. தொடாம வச்சிருக்கிறவனுக்கு என்ன குடுத்தீங்க?

சீனாக்காரன் 1999லேயே ஆரம்பிச்சுட்டான். அதே 25 பாகைக்கு மேல இருக்கிற சரிவுல உழறதை நிறுத்தி மரம் வளர்த்தா, விவசாயிக்கு தானியமும் குடுத்தான், காசும் குடுத்தான். அமெரிக்காவுல 1985லேயே சட்டம் போட்டாச்சு. மண் அரிக்கிற நிலத்தை 10லருந்து 15 வருஷத்துக்குப் பயிர் வைக்காம புல்லும் மரமுமா விட்டா, வருஷா வருஷம் அரசாங்கமே வாடகை கட்டுது. கோஸ்டா ரிக்கா நம்மளை விடச் சின்ன நாடு. பெட்ரோல் வரியிலருந்து எடுத்து, காடு வச்சிருக்கிற நிலக்காரன் கையில குடுக்குது.

நம்ம மலேசியாவுல காசே இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க. காட்டைக் காப்பாத்தற மாநிலங்களுக்குன்னு 2019லருந்து கூட்டரசு பணம் குடுத்துட்டுதான் இருக்கு, 2024 பட்ஜெட்ல மட்டும் 20 கோடி வெள்ளி (ரிங்கிட்). அது மாநில அரசாங்கத்துக்குப் போகுது. பாதுகாக்கப்பட்ட காடுன்னு அரசாங்கம் கெசட் பண்ணாத எங்க அரை ஏக்கருக்கு அதுல அஞ்சு காசு உண்டா? நில வரி மட்டும் தவறாம வருது!

துரியான் பூ சாயங்காலம்தான் விரியும். ராத்திரி வௌவால் வந்து தேன் குடிச்சாத்தான் நல்லாக் காய் பிடிக்கும். கீழ தோட்டம் வச்சிருக்கிற அத்தனை பேருக்கும் அந்த வௌவால் வேணும், அது வந்து போக மேல மரம் வேணும். 2017 நவம்பர்ல அந்தப் பேய் மழையில தீவு பூரா மலை சரிஞ்சுதே, அன்னிக்கு எங்க ஓடைக்கரை இடியல. அந்தக் காட்டு வேரு பிடிச்சிருந்த மண்ணு கீழ கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்குள்ள போகல. இதுக்கெல்லாம் அந்தப் பாரத்துல ஒரு கட்டம் கிடையாது.

வெளிய வந்ததும் அப்பா கேட்டாரு, "வெட்டிரலாமாய்யா?" எழுபது தாண்டின மனுசன். ஒரு மரக்கிளையை ஒடிச்சாலே திட்டறவரு. அவர் வாயில இந்தக் கேள்வியை வரவச்சுட்டீங்களேடா!

வெட்ட மாட்டோம். ஆனா எத்தனை பேரு வெட்டாம இருப்பான்? மூசாங் கிங் கிலோ என்ன விலை விக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும்.