கேட்டு வாங்கின நோ

என்ர மூக்குக்கு ஒப்பரேசன் செய்து இரண்டு வருசம் தாண்டிட்டுது. நினைச்ச மாதிரி வரேல்லை. இந்த ஒரு வசனத்தை வெளியில சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

"ஆர் உன்னைச் செய்யச் சொன்னது?" எண்டு கேட்பினம் எண்ட பயத்திலதான் சொல்லாமல் இருந்தனான். கேட்டும் விட்டினம். முதல் கேட்டது என்ர அம்மா. "கேட்டு வாங்கின நோ, பிள்ளை. இதை ஆரிட்டப் போய்ச் சொல்லி அழப் போறாய்?" எண்டவா. கோபத்தில சொல்லேல்லை, தாங்கேலாமல் சொன்னவா. ஆனால் அண்டைக்கு நான் வாயை மூடினது மூடினதுதான்.

என்ர மூக்குத் தண்டில ஒரு மேடு இருந்தது. பள்ளிக்கூடத்தில கிளிமூக்கு எண்டு கூப்பிட்டவை. பொம்பிளை பார்க்க வந்த இரண்டு இடத்தில "பிள்ளை வடிவு, மூக்குத்தான் கொஞ்சம்..." எண்டு இழுத்திருக்கினம். ஆனால் முழுப் பழியையும் சனத்தின்ர தலையில போட்டால் அது பொய். எனக்கே அந்த மேடு பிடிக்கேல்லை. பதினாலு வயதில இருந்து பக்கவாட்டில படம் எடுக்க விட்டதில்லை. முப்பத்தொரு வயதில, சொந்த உழைப்பில, சொந்தக் காப்புச் சோடியை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில வித்து, நானாய் முடிவெடுத்துப் போனனான்.

போனது சென்னைக்கு. 2022 மார்கழியில பலாலியில இருந்து திரும்பவும் சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கினது. கொழும்புக்குப் பஸ்ஸில போற நேரத்தில கால்வாசி கூட இல்லை. அந்தச் சுகம்தான் என்னை ஏமாத்தினது எண்டு இப்ப விளங்குது. போறது லேசு எண்டால் திரும்பத் திரும்பப் போய்க் காட்டுறதும் லேசாய் இருக்கும் எண்டு நினைச்சிட்டன். ஒப்பரேசனுக்குப் பிறகு வேண்டியிருக்கிறது ஒரு வருசத்துக்கு உங்கட மூக்கைக் கையால தொட்டுப் பார்க்கிற ஒரு டொக்டர். எனக்குக் கிடைச்சது வட்ஸ்அப்பில படம் அனுப்பினால் மூண்டு நாளால வாற "வீக்கம்தான், பொறுங்கோ" எண்ட பதில்.

முதல் ஆலோசனையும் படத்திலதான் நடந்தது. கையை நீட்டி நானே எடுத்த செல்ஃபி படங்களை அனுப்பினனான். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில பிடிச்சு எடுக்கிற செல்ஃபியில, ஐஞ்சு அடி தள்ளி எடுத்த படத்தை விட மூக்கின்ர அடிப்பக்கம் கிட்டத்தட்ட 30 வீதம் அகலமாத் தெரியும் எண்டு 2018 இல அமெரிக்க டொக்டர்மார் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கினம். கமராவுக்குக் கிட்ட இருக்கிறது பெரிசாத் தெரியுது, அவ்வளவுதான். நான் வருசக் கணக்கா வெறுத்துப் பார்த்த மூக்கில ஒரு பங்கு என்ர முகத்திலேயே இருக்கேல்லை. இதை நான் காப்பை வித்த பிறகுதான் வாசிச்சனான்.

ஒப்பரேசனைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லுறன். இரண்டு மூக்குத் துவாரத்துக்கும் நடுவில இருக்கிற தோலை வெட்டித் தூக்கி, மேட்டில இருந்த எலும்பையும் குருத்தெலும்பையும் (பள்ளிக்கூடத்தில கசியிழையம் எண்டு படிச்சம்) சீவி எடுத்து, பக்கத்து எலும்புகளை உடைச்சு நடுவுக்குக் கொண்டு வருவினம். ஒரு கிழமை மேல ஒரு கட்டு. கண்ணைச் சுத்தி நீலம் பாரிச்சு இரண்டு கிழமை. நோ நினைச்ச அளவு இல்லை. வாயால மூச்சு விட்டு விட்டுத் தொண்டை காய்ஞ்சதுதான் பெரிய பாடு.

கட்டு அவிழ்த்த அண்டைக்கு நுனி பன்றி மூக்கு மாதிரி மேல தூக்கி நிண்டது. எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டவை. அது உண்மைதான், வீக்கத்தில பெரும்பங்கு சில மாசத்தில வத்தும், நுனி வத்த ஒரு வருசம் செல்லும், தோல் தடிப்பானவைக்கு இன்னும் கூட. அதனால ஒரு வருசத்துக்கு முதல் திருத்த ஒப்பரேசன் செய்யாதேங்கோ எண்டு சொல்லுறவை. ஆனால் அந்த ஒரு வருசம் மனுசரை என்ன செய்யும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. விடிய எழும்பினால் கண்ணாடி. வேலைக்குப் போக முதல் கண்ணாடி. பாங்கில மதியம் கழிவறைக் கண்ணாடி. நேற்றையப் படத்தையும் இண்டையப் படத்தையும் பக்கத்தில வைச்சு அளக்கிறது. இன்னும் வத்தும், இன்னும் வத்தும் எண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லி, பன்னிரண்டாம் மாசம் முடிய அந்தச் சொல்லும் முடிஞ்சுது.

மேட்டை அளவுக்கு மிஞ்சிச் சீவினதால தண்டு இப்ப பள்ளம். மூக்குக் கண்ணாடி நிக்காது. கணினியைக் குனிஞ்சு பார்த்தால் நுனிக்கு வழுக்கி வந்திடும். கண்ணாடிக் கடைத் தம்பி மூக்கில முட்டுற அந்த இரண்டு சின்ன ரப்பரையும் நாலு தரம் வளைச்சுத் தந்தவர். நாலாம் தரம், "அக்கா, முந்தி உங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லையே?" எண்டார். கடையிலேயே அழுதிட்டன். அவர் பயந்து கதிரை எடுத்துப் போட்டவர்.

அதோட மூச்சு. வலப்பக்கம் இழுக்கேக்க உள்ளுக்க ஏதோ ஒட்டிப் பிடிக்கும். பெரியாஸ்பத்திரி காது மூக்கு தொண்டை கிளினிக்கில காட்டினனான். அந்த டொக்டர் என்ர கன்னத்தில விரலை வைச்சு மெதுவா வெளிப்பக்கம் இழுத்தார். மூச்சு சர்ரெண்டு போச்சுது. மூக்குக்குள்ள ஆக ஒடுங்கின இடம் ஒண்டு இருக்குதாம். அதைத் தாங்கிப் பிடிக்கிற குருத்தெலும்பு பலமிழந்தால் மூச்சு இழுக்கேக்க சுவர் உள்ளுக்கு விழும். காதில இருந்தோ விலா எலும்புப் பக்கத்தில இருந்தோ குருத்தெலும்பு எடுத்து முண்டு குடுக்கலாம், ஆனால் இரண்டாம் ஒப்பரேசன் முதலாவதை விடக் கஷ்டம் எண்டார். "ஏன் செய்தனீர்?" எண்டு அவர் கேட்கேல்லை. அந்த ஒண்டுக்காகவே அவரை மறக்க மாட்டன்.

எங்கட ஊரில ஒருத்தர் காணியை ஈடு வைச்சு, ஏஜென்சிக்குக் காசு கட்டி, வெளிநாடு போற வழியில பிடிபட்டுத் திரும்பி வந்தால் நாங்கள் என்ன செய்யிறம்? வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில இருக்கிறம். "தம்பி, உயிரோட வந்தியே, அது காணும்" எண்டுறம். அவரையும் ஒருத்தரும் போகச் சொல்லேல்லை. விரும்பிக் கட்டின கலியாணம் முறிஞ்ச பிள்ளைக்கும் இப்ப இப்ப அந்த இரக்கம் கிடைக்குது. வடிவுக்காக ஒண்டைச் செய்து அது பிழைச்ச பொம்பிளைக்கு மட்டும் ஏன் அது இல்லை? அவ வடிவா இருக்க ஆசைப்பட்டதே குற்றம், மிச்சமெல்லாம் தண்டனை எண்ட மாதிரிக் கதைக்கிறம். அதே வாய்தான் பொம்பிளை பார்க்கப் போன இடத்தில மூக்கை அளந்தது. இதை நான் ஏற்க மாட்டன். நானாய்ப் போனது உண்மை. இழந்ததும் உண்மை. ஒண்டைச் சொல்லி மற்றதை அழிக்கேலாது.

இப்ப மனநல ஆலோசகர் ஒருத்தரிட்டப் போறன். முதல் நாள் அவ கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கண்ணாடிக்கு முன்னால?" கணக்குப் பார்த்தால் மூண்டு. தன்ர தோற்றத்தில இருக்கிற சின்னக் குறையே உலகமாய்த் தெரியிற ஒரு வருத்தம் இருக்குதாம். அது இருக்கிறவைக்கு ஒப்பரேசன் எவ்வளவு திறமாச் செய்தாலும் திருப்தி வாறது அருமையாம். எனக்கு அது இல்லை எண்டுதான் அவ சொன்னவா. ஆனால் கத்தி எடுக்க முதல் இந்தக் கேள்வியை என்னட்டை ஆரும் கேட்டிருக்க வேணும். ஆலோசகரிட்டப் போக வசதியில்லாத பிள்ளையள் 1926 க்கு எடுங்கோ, இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின்ர இலக்கம்.

போன மாசம் மச்சாள் ஒருத்தி, இருபத்திரண்டு வயது, "அக்கா, நானும் செய்யலாம் எண்டிருக்கிறன்" எண்டு வந்தவள். செய்யாதை எண்டு சொல்லேல்லை. என்னத்தை எடுக்கப் போயினம், என்னத்தை விடப் போயினம் எண்டு கேள். மூச்சுக்கு என்ன நடக்கும் எண்டு கேள். அவை கணினியில காட்டுற படம் வாக்குறுதி இல்லை. ஆறாம் மாசம் உன்னை ஆர் நேரில பார்ப்பினம், பிழைச்சால் திருத்தம் ஆற்ற செலவு எண்டு எழுத்தில வாங்கு. எழுதிக் குறிச்சுக்கொண்டு போனவள். என்ன முடிவெடுப்பாளோ, அது அவளின்ர முகம்.

நான் இன்னும் இரண்டாம் ஒப்பரேசனுக்கு முடிவெடுக்கேல்லை. மூச்சுக்காகச் செய்ய வேண்டி வரும் போல.

போன கிழமை ஒரு இரவு மழைக்குளிர், மூக்கடைப்பு. கன்னத்தை விரலால இழுத்துப் பிடிச்சபடி படுத்திருந்தனான். நித்திரையானால் கை விழுந்திடும், திரும்ப முழிப்பு வரும். அம்மா எழும்பி வந்து லைட்டைப் போடாமல் கட்டிலில இருந்தா. கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "எந்தப் பக்கம் பிள்ளை?" எண்டா.

வலப்பக்கம் எண்டனான்.

என்ர கையை எடுத்துப்போட்டுத் தன்ர விரலை வைச்சா.