விபிஎன் என்றாலே திருட்டுத்தனமா?

நம் இணையத் தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் வழியான விபிஎன் பற்றி, இணையத்தில் நேற்று நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். "ஒளித்துச் செய்ய ஏதோ இருப்பவனுக்குத்தான் விபிஎன் தேவை" என்று ஒருவர் எழுத, நான் மதிக்கும் நண்பர்களே விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அதில் சிலர் தினமும் வீட்டிலிருந்து அலுவலக சர்வரைத் தொடுவதே விபிஎன் வழியாகத்தான். நெட்வொர்க் பராமரிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது உண்மையிலேயே வலித்தது.

ரயில் நிலையத்திலோ விடுதியிலோ வைஃபையில் இணையும்போது, நம் தரவு முன்பின் தெரியாத ஒருவரின் ரூட்டர் வழியாகப் போகிறது. விபிஎன் செயலி, தொலைவிலுள்ள ஒரு சர்வருடன் ரகசியச் சாவிகளை முடிவு செய்துகொண்டு, தரவின் சிறு துண்டான ஒவ்வொரு பாக்கெட்டையும் முழுவதுமாக மறையாக்கம் செய்து (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றி), அந்த சர்வரின் முகவரி மட்டும் வெளியே தெரியும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்புகிறது. நடுவில் இருப்பவருக்கு அந்த முகவரியும் போன தரவின் அளவும் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

2020 ஊரடங்கில் எங்கள் கணக்குப் பிரிவு அக்கா சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார். மாதக் கடைசி, சம்பளம் போட வேண்டும். பக்கத்து வீட்டு வைஃபையைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சம்பள சர்வரை இணையத்தில் திறந்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. தொலைபேசியிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லி அவருடைய லேப்டாப்பில் ஒயர்கார்டு என்ற விபிஎன் செயலியை நிறுவவைத்தேன். இரு பக்கமும் இணைந்துவிட்டதைக் காட்டும் 'ஹேண்ட்ஷேக்' நேரம் திரையில் தோன்றியதும் "வந்துருச்சு தம்பி" என்றார். அந்த மாதச் சம்பளம் எல்லோருக்கும் போனது. அந்த அக்கா எதை ஒளித்தார்?

தளங்களே தரவை மறையாக்கம் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் போதாதா என்று கேட்பீர்கள். உள்ளடக்கத்தை அது காக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும், தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வியிலும் இணைப்பின் தொடக்கத்திலுமே தெரிந்துவிடுகிறது. விபிஎன் நிறுவனமே அதைப் பார்க்கலாமே என்றால், பார்க்கலாம். அதனால்தான் இலவசம் என்று கண்டதையெல்லாம் நிறுவாதீர்கள் என்கிறேன். குற்றவாளிகளும் பயன்படுத்துகிறார்கள் என்ற வாதத்துக்குப் பதில் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. அவர்கள் செல்போனும்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகப் பார்வை அரசிடமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி எண் (இணைய முகவரி) எல்லாவற்றையும் 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் சேமித்து வைக்கும்படி விபிஎன் நிறுவனங்களுக்குச் சொன்னது. எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் ஆகிய விபிஎன் நிறுவனங்கள் அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துவிட்டன. குற்றம் செய்தவரைத் தேடி நீதிமன்ற ஆணையோடு வரட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஒரு குற்றமும் செய்யாத லட்சக்கணக்கானோரின் விவரங்களை ஒரே இடத்தில் குவித்து வைத்து, அது ஒருநாள் கசிந்தால் யார் பொறுப்பேற்பார்கள்?