டேபிளில் கடைசி நாற்காலி

பாளையங்கோட்டையில் ராத்திரி பேஸ்கட்பால் மேட்ச் பார்த்தவர்களுக்குத் தெரியும், தகராறு என்றால் மொத்தக் கூட்டமும் ரெஃப்ரியைத்தான் ஏசும். "ஏ ரெஃப்ரி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று கேலரியிலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும். ஆனால் நான் பார்த்த தகராறுகளில் பல, கோர்ட் ஓரத்தில் ஸ்கோர் எழுதுகிறவர்கள் உட்காரும் டேபிளில் கடைசி நாற்காலியில் இருக்கிற ஆளிடமிருந்து கிளம்பியவை. ஷாட் கிளாக் ஆபரேட்டர். பந்தை வைத்திருக்கிற டீம் 24 நொடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும், அந்த நொடிக் கணக்கை ஓட்டுகிற ஆள். ஆறேழு வருஷமாக அந்த நாற்காலியில் நானும் உட்காருகிறேன், அதனால் சொல்கிறேன்.

நம்ம பக்கத்து டோர்னமெண்டுகளில் ஸ்கோர் ஷீட் எழுத அனுபவசாலியைத் தேடுவார்கள். ஆட்ட நேரத்தை ஓட்டுகிற டைமருக்கும் தெரிந்த ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஷாட் கிளாக்குக்கு மட்டும், ஓரமாக நிற்கிற காலேஜ் பையனைக் கூப்பிட்டு, "ஏல, இந்த ரிமோட்டைப் பிடி, பால் கை மாறினா அமுக்கு" என்பார்கள். பயிற்சி முடிந்தது! என்னைக் கேட்டால் ஆட்டம் நன்றாகத் தெரிந்த ஆளை முதலில் அங்கே உட்கார வைக்க வேண்டும். மற்ற நாற்காலிகளுக்கு அப்புறம் ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

"பால் கை மாறினா அமுக்கு" என்பதிலேயே கோளாறு இருக்கிறது. டிஃபென்ஸ் பையன் பாஸைத் தட்டிவிடுகிறான், பந்து திரும்பவும் அதே டீமிடம் வந்துவிடுகிறது என்றால் கை மாறவே இல்லை. கிளாக் அது பாட்டுக்கு ஓட வேண்டும். அவன் தட்டியதில் பந்து வெளியே போய், அதே டீம் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிந்து த்ரோ இன் போட்டாலும் நின்ற இடத்திலிருந்துதான் தொடரும். தட்டுவது வேறு, பிடிப்பது வேறு. புதுப் பையன்களின் கட்டைவிரலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பந்தில் வேறு கலர் பனியன் பட்டாலே துடிக்கும்.

அடுத்தது ரிம், அதாவது கூடையின் இரும்பு வளையம். ஷாட் ரிம்மில் பட்டதும் கிளாக்கை நிறுத்தி, அதன் நம்பரை இருட்டாக்கி, பந்து யாரிடம் சேர்கிறது என்று காத்திருக்க வேண்டும். டிஃபென்ஸ் எடுத்தால் 24க்கு ரீசெட், அதாவது திரும்ப வைக்க வேண்டும். ஷாட் போட்ட டீமே எடுத்தால் 14. ரிம்மில் படாமல் போர்டில் மட்டும் மோதித் திரும்பி, அதே டீம் எடுத்தால் ரீசெட்டே கிடையாது. சொல்ல எளிது. டேபிளிலிருந்து ரிம் சுமார் 15 மீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் பத்துப் பேர் கை. கோடை மழை பெய்த ராத்திரி என்றால் விளக்கைச் சுற்றி ஈசல் வேறு. உரசியதா இல்லையா என்பதைப் பந்து திரும்புகிற திசையை வைத்துத்தான் நான் பெரும்பாலும் முடிவு செய்கிறேன். சந்தேகம் வந்தால் ரெஃப்ரியின் கையைப் பார்ப்பேன். விரலைச் சுற்றிக் காட்டினால் ரீசெட், சும்மா இருந்தால் என் விரலும் சும்மா.

இந்த 14 வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. ஷாட் போட்ட டீமே திரும்பி வந்த பந்தை எடுத்தால் (ரீபவுண்ட்) 14 என்று உலக பேஸ்கட்பால் அமைப்பான ஃபிபா கொண்டுவந்தது 2014இல், அமெரிக்க லீக்கான என்பிஏ 2018இல். அதற்கு முன்னால் ஆடிய அண்ணாச்சிமார் இன்றும் எல்லாவற்றுக்கும் 24 கேட்டுச் சத்தம் போடுவார்கள். ஃபவுலில் இன்னும் சிக்கல். டிஃபென்ஸ் ஃபவுல் செய்து, ஃப்ரண்ட் கோர்ட்டில், அதாவது எறிய வேண்டிய கூடை இருக்கிற பாதியில், த்ரோ இன் கிடைத்தால், கிளாக்கில் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் அப்படியே தொடரும். 13 அல்லது அதற்குக் கீழே என்றால் 14 வைக்க வேண்டும். தன் கூடை இருக்கிற பாதி, பேக் கோர்ட் என்றால் முழு 24. விசில் ஊதின நொடியில் என்ன நம்பர் இருந்தது என்று ஞாபகம் இல்லாதவன் இதில் தொலைந்தான்.

24 எங்கிருந்து வந்தது என்று பையன்கள் கேட்பார்கள். 1950இல் ஒரு என்பிஏ ஆட்டம் 19-18 என்று முடிந்தது. பந்தை விடாமல் வைத்துக்கொண்டே பொழுதை ஓட்டியிருக்கிறார்கள். சிரக்யூஸ் டீமின் முதலாளி டேனி பயசோன், ஒரு நல்ல ஆட்டத்துக்கு 120 ஷாட் என்று வைத்து, 48 நிமிஷத்தின் 2880 நொடியை அதால் வகுத்தார். 1954இல் அமலுக்கு வந்தது. நாம் ஆடுவது 40 நிமிஷம், அந்தக் கணக்கு நமக்கு உதைக்கும். ஆனாலும் 2000இல் ஃபிபாவும் 30ஐ விட்டு 24க்கு வந்துவிட்டது. சரி, அது கிடக்கட்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு அரையிறுதி. கிளாக்கில் 5. டிஃபென்ஸ் பையன் விரல் நுனியால் பாஸைத் தட்டினான், பந்து அதே டீமின் கைக்கே போனது. நான் 24 அமுக்கிவிட்டேன். அமுக்கின மறுநொடியே தெரிந்துவிட்டது. ரெஃப்ரிகள் கவனிக்கவில்லை. எதிர் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அண்ணாச்சி, என்ன 24 போட்டிருக்கிய?" என்றான். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். நிதானமாக ஆடி ஒரு பாஸ்கெட் போட்டார்கள். மேட்ச் இரண்டு பாயிண்டில் முடிந்தது.

விதியில் இதற்கு வழி இருக்கிறது. தப்பான ரீசெட் என்று தெரிந்ததும், எதிரணிக்குப் பாதகம் இல்லாவிட்டால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி, கிளாக்கைத் திருத்தி, பந்தை அதே டீமுக்குக் கொடுக்கலாம். பக்கத்தில் இருந்த டைமரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெட்கம், வேறொன்றுமில்லை. மேட்ச் முடிந்து முருகன்குறிச்சியில் டீ குடிக்கும்போதுகூட அவரிடம் சொல்லவில்லை.

ரெஃப்ரிகள் மேலும் எனக்குக் குறை உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் டேபிளுக்கு வருவார்கள், ஸ்கோர் ஷீட்டைப் புரட்டுவார்கள், பந்தைத் தட்டிப் பார்ப்பார்கள். கடைசி நாற்காலியிடம் மட்டும் பேசமாட்டார்கள். "சந்தேகம்னா என்னைப் பாரு, தப்பா அமுக்கிட்டா உடனே சொல்லு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒவ்வொரு விசிலுக்கும் கிளாக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாலே பாதிச் சண்டை இருக்காது.

இப்போதெல்லாம் விசில் கேட்டதும் நம்பரை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். "ஒன்பது." "பதினாறு." டைமரும் கேட்டு வைத்துக்கொள்வார். முதல் நாள் எல்லாரும் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு லீக் மேட்சில் புதுப் பையன் ஒருவனை உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். மூன்றாவது குவார்ட்டரில் தப்பாக அமுக்கினான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து கையை ஆட்டி, "சார், என் தப்பு, ஏழு இருந்துச்சு!" என்று கத்தினான். கேலரி ஓவென்று கூச்சல் போட்டது. ரெஃப்ரி விசில் ஊதி, இடையில் ஓடின இரண்டு நொடியைக் கழித்து ஐந்து வைக்கச் சொல்லிவிட்டு, பந்தைக் கொடுத்தார்.