மிச்சமிருந்த மூன்று நிமிடம்

பென்சிலையும் கேசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்தப் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ‘இது ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சா நீங்க 80ஸ் கிட்ஸ்’ என்று கீழே ஒரு வரி. லைக் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் இந்தப் பதிவுகளை மட்டும் படிக்கிற இன்றைய பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் பொழுதன்றைக்கும் பென்சிலால் டேப் சுற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொள்வார்கள். வெளியே சுருண்டு வந்த டேப்பை உள்ளே சுற்றப் பென்சில் ஒரு அவசர வைத்தியம், அவ்வளவுதான். கேசட் காலத்தில் அதைவிட முக்கியமான ஆள் ஒருவர் இருந்தார். அவருக்கு மட்டும் யாரும் படம் போடுவதில்லை. ரெக்கார்டிங் கடைக்காரர்.

எண்பதுகளில் தமிழ்நாட்டின் நடுத்தர ஊர் எதை எடுத்தாலும் பஸ் நிலையத்தைச் சுற்றி ஒரு ரெக்கார்டிங் சென்டராவது இருக்கும். எங்கள் ஊர் திண்டுக்கல். நாங்கள் போன கடை பத்துக்குப் பத்துகூடத் தேறாது. சுவர் முழுக்க எல்.பி. இசைத்தட்டுகள் முதுகு தெரிய அடுக்கியிருக்கும். தட்டு சுற்ற ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், கேசட்டில் பதிய இரண்டு டெக், ரோட்டைப் பார்த்து இரண்டு ஸ்பீக்கர். கவுண்டரில் மூலை மடங்கிய தடி நோட்டு ஒன்று. அதில் படத்தின் பெயர், அதற்குக் கீழே பாட்டுகளின் முதல் வரி. அதைப் புரட்டி, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, வெறும் கேசட்டோடு கொடுத்துவிட்டு வரவேண்டும். ‘வெள்ளிக்கிழமை வாங்க தம்பி’ என்பார். அவசரப்படுத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. டபுள் டெக்கில் வேகமாக டப்பிங் செய்கிற வசதியெல்லாம் கேசட்டிலிருந்து கேசட்டுக்குத்தான். தட்டு அதன் வேகத்தில்தான் சுற்றும். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும்.

கம்பெனி கேசட் வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கினோம். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று போட்டு விற்பார்கள். நமக்கு வேண்டியது இந்தப் படத்தில் ஒரு பாட்டு, அந்தப் படத்தில் ஒரு பாட்டு. இளையராஜா வருஷத்துக்கு டஜன் கணக்கில் படங்கள் செய்துகொண்டிருந்த நேரம். எத்தனை கேசட் வாங்க முடியும்? வீட்டில் தட்டு போடுகிற வசதியும் இல்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டுவந்த, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் செட்தான் தெருவுக்கே சொத்து.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். அப்போதைய பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் ஓடும். ஆறு பாட்டு போட்டால் இருபத்தேழு நிமிடம். மிச்சம் மூன்று. கேசட் கம்பெனிகள் முப்பதுக்கு மேலே கொஞ்சம் டேப் கூடுதலாகவே சுற்றியிருப்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாவதாக இன்னொரு பாட்டைத் திணித்தால் இரண்டாவது சரணத்தில் டக்கென்று நிற்கும். அதைச் செய்ய எங்கள் கடைக்காரருக்கு மனசு வராது. சும்மா விடவும் மனசு வராது. டேப்புக்குக் காசு கொடுத்திருக்கிறான் பையன், அதை ஊமையாக ஓடவிடுவதா? அதனால் அந்த மூன்று நிமிடத்தில் அவராக ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்.

மூன்றரை நிமிடத்துக்குள் முடிகிற பாட்டு எங்கே கிடைக்கும்? பழைய பாட்டில்தான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் சினிமாப் பாட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற 78 ஆர்.பி.எம். தட்டில் வந்தன. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே தாங்கும், அதற்கு ஏற்றபடிதான் பெரும்பாலும் பாட்டையே கட்டினார்கள். எல்.பி. காலம் வந்த பிறகுதான் பாட்டு தாராளமாக நீண்டது. ஆக, இளையராஜா பைத்தியமாகத் திரிந்த ஒரு பையனின் கேசட்டில், ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும், அவன் கேட்காமலேயே ஒரு ஏ.எம்.ராஜா வந்து உட்கார்ந்துகொள்வார். இல்லாவிட்டால் பி.பி.ஸ்ரீனிவாஸ். சில நேரம் வி.குமார். கே.பாலசந்தரின் ஆரம்பப் படங்களுக்கு இசையமைத்தவர் வி.குமார்; அந்தப் பெயரே எனக்குக் கேசட் வழியாகத்தான் தெரியவந்தது. எம்.எஸ்.வி.யின் பாட்டை ‘அப்பா காலத்துப் பாட்டு’ என்று ஒதுக்கி வைத்திருந்த எங்கள் கூட்டத்துக்கு அதைக் காதில் ஏற்றியது வானொலியோ அப்பாவோ இல்லை. கேசட்டில் மிஞ்சிய மூன்று நிமிடம்.

ஒருமுறை கேட்டேவிட்டேன். ‘அண்ணே, நான் எழுதாத பாட்டு ஒண்ணு கடைசியில இருக்கே?’

‘ஏன், பிடிக்கலையா?’

‘பிடிச்சிருக்குண்ணே.’

‘அப்ப விடு.’

கைக்குக் கிடைத்ததைத்தான் போடுகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆறாவது பாட்டில் புல்லாங்குழல் தூக்கலாக இருந்தால் அவர் ஒட்டுகிற பழைய பாட்டிலும் புல்லாங்குழல் இருக்கும். ஜானகியின் சோகப்பாட்டில் பக்கம் முடிந்தால் அடுத்தது சுசீலாவின் சோகப்பாட்டு. கல்யாணி ராகம், மோகனம் என்றெல்லாம் பேசத் தெரிந்தவர் இல்லை. காது அப்படி.

வேலை செய்யும்போது அவரைப் பார்க்க வேண்டும். புதுக் கேசட்டின் ஆரம்பத்தில் சில விநாடிக்கு வெறும் பிளாஸ்டிக் நாடாதான் இருக்கும், அதில் ஒலி பதியாது. அவசரக்காரர் அப்படியே பட்டனைத் தட்டினால் பாட்டின் முதல் வார்த்தை காணாமல் போகும். இவர் சுண்டுவிரலைச் சக்கரத்துக்குள் விட்டு, பழுப்பு டேப் எட்டிப் பார்க்கும் வரை மெல்லச் சுற்றுவார். தட்டை வேட்டி நுனியால் இல்லை, வெல்வெட் துணியால் துடைப்பார். ஊசியை வைப்பதற்கு முன்னால் டெக்கைப் பதிவில் போட்டு, நாடாவை நிறுத்திவைக்கிற பாஸ் பட்டனையும் அழுத்திக்கொள்வார். ஊசி தட்டில் இறங்கும்போது வருகிற ‘கிரக்’ முடிந்து, பாட்டு தொடங்குவதற்கு முந்தைய இம்மியளவு அமைதியில் பாஸை விடுவிப்பார். மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டுத் திரும்ப வேண்டும். அதிலேயே ஒட்டிக்கொண்டால் ஒலி கிழிந்துவிடும். 120 நிமிடக் கேசட்டைக் கொண்டுபோனால் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘டேப்பு மெலிசு தம்பி, செட்டுல சுத்திக்கும். எங்கிட்ட வந்து அழுவாதே.’

ஊரில் யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்பது போஸ்ட்மேனுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன். ஆறு பாட்டின் முதல் வரிகளைச் சேர்த்துப் படித்தால் கடிதமாகிவிடுகிற மாதிரி லிஸ்ட் எழுதுகிற ஆட்கள் இருந்தார்கள். பெண்கள் கடைக்கு வந்து நின்று நான் பார்த்ததில்லை. அந்தக் கடைகளின் வாசல் ஆண்களின் இடம். சிகரெட், அரட்டை, ஸ்பீக்கர் சத்தம். அக்காமார்களின் லிஸ்ட் எங்களைப் போன்ற டவுசர் பையன்கள் கையில்தான் போகும். நாலாக மடித்த தாளை வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நோட்டுக்குள் வைத்துக்கொள்வார். எங்கள் தெரு அக்கா ஒருவர் பாடகி ஜென்சியின் பாட்டாகவே கேட்டு அனுப்புவார். ஜென்சி தமிழில் பாடியது கொஞ்சம்தான், ஒரு கேசட்டை நிரப்பவே திணற வேண்டும். மிச்ச இடம் அந்தக் கேசட்டில் தாராளமாக இருந்திருக்கும். அதில் என்னவெல்லாம் போட்டுக் கொடுத்தார் என்று இன்றைக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

சரி, இதையெல்லாம் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கேசட் என்பது சுமாரான சரக்குதான். பிலிப்ஸ் 1963-ல் அதை வெளியிட்டபோது பேச்சைப் பதிந்துகொள்ள வசதியான சாதனமாகத்தான் பெரும்பாலும் நினைத்தார்கள். நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு தடம். விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவான வேகம். பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் வராமல் என்ன செய்யும்? ஒரு செட்டில் பதிந்தது இன்னொரு செட்டில் மங்கலாகக் கேட்கும், டேப்பைப் படிக்கிற ஹெட் ஒரு துளி சாய்ந்திருந்தால் போதும். அதற்காகச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டுத் திருகித் திருகி, கடைசியில் எந்தக் கேசட்டும் சரியாகக் கேட்காத நிலைக்குச் செட்டைக் கொண்டுபோன டீக்கடைகள் உண்டு. நண்பனிடமிருந்து இரவல் வாங்கி நகல் எடுத்து, அதிலிருந்து இன்னொருவன் நகல் எடுத்தால் மூன்றாவது கைக்கு வரும்போது தாளத்தட்டின் சலசலப்பு போயிருக்கும், நாலாவது கைக்கு வரும்போது எஸ்.பி.பி. கம்பளிக்குள்ளிருந்து பாடுவார்.

அப்புறம், அது திருட்டு. இதைச் சொன்னால் என் வயசுக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. நாட்டில் 1957-லிருந்தே பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. கேசட் திருட்டுக்கு என்றே 1984-ல் திருத்தி, தண்டனையைக் கூட்டினார்கள். கடைகளின் போர்டு மட்டும் அப்படியே தொங்கியது. ஜெர்மனியில் 1965-லேயே பதிவுக் கருவிகளுக்கு ஒரு கட்டணம் வைத்து அதைக் கலைஞர்களுக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். இங்கே அப்படி ஏதும் இல்லை. ஊர் ஊராக லட்சம் கேசட்டில் ஓடிய வயலினுக்கும் தபேலாவுக்கும் அதனால் ஒரு பைசா வரவில்லை. அதே நேரம், ஓடாமல் சுருண்ட படங்களின் நல்ல பாட்டுகளைக் காப்பாற்றியதும் இந்தக் கடைகளும் அங்கே கேசட் பதிந்த பஸ்காரர்களும்தான். படம் எது என்றே தெரியாமல் நம் வாயில் ஓடுகிற பாட்டுகளில் பாதி அப்படி வந்தவை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழிலைச் சட்டம் கொல்லவில்லை, எம்பி3 சி.டி. கொன்றது. 2000 வாக்கில் ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று வந்தபோது லிஸ்ட் எழுதுகிற வேலையே போயிற்று. பிறகு செல்போன் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று தாள் ஒட்டினார்கள். அங்கேயும் ஒரு பையன் இருந்தான், கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அவன் ‘ராஜா சோகம்’, ‘குத்து’, ‘அம்மன்’ என்ற ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்வான், ஒரு பாட்டைக்கூடக் கேட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவன் மேல் தப்பில்லை. இரண்டு ஜி.பி. கார்டில் ‘மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறதே’ என்று யார் கவலைப்படுவார்கள்?

இன்றைய ஆப்களைப் பற்றிப் புலம்ப நான் தயாராக இல்லை. தினமும் பயன்படுத்துகிறேன். ஜென்சியைக் கேட்டால் அடுத்து எஸ்.பி.ஷைலஜாவைத் தருகிறது, அதுவும் பொருத்தம்தான். எனக்குப் பிடித்ததைப் போலவே இன்னொன்றை எடுத்துக் கொடுப்பதில் அதற்கு ஈடு இல்லை. எங்கள் கடைக்காரர் எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்ததே கிடையாது. தனக்குப் பிடித்ததை, இவனும் கேட்டுப் பார்க்கட்டுமே என்று என் காசில் போட்டார். பிடிக்காமல் போனாலும் தாண்டிப் போக முடியாது. ஃபார்வர்ட் அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, செட்டின் பெல்ட் தேயும் என்று வீட்டில் திட்டு வேறு. அதனால் கேட்டோம். பத்துத் தடவை கேட்டால் பிடித்துவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணில் பதிந்த கேசட் இருந்தால் ஒரு வேண்டுகோள். எடுத்தவுடனே செட்டில் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் வழியே டேப்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் முதலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை சுற்றிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள், இத்தனை வருஷமாக ஒட்டிக் கிடந்தது பிரியும். டேப்பை ஹெட்டோடு அழுத்துகிற சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம். திருகு உள்ள கேசட் என்றால் கழற்றி, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பாட்டு பாட்டாக வெட்டாதீர்கள். தனிப் பாட்டு யூடியூபில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாக வையுங்கள், கடைசியில் அவர் ஒட்டிய பாட்டு வரைக்கும். உறை அட்டையில் இருக்கிற கையெழுத்தையும் கடை முத்திரையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. டெக்கின் பெல்ட்தான் இளகித் தார் மாதிரி ஆகிவிட்டது. திண்டுக்கல், மதுரைப் பக்கம் பெல்ட் மாற்றித் தருகிற மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அமேசான் லிங்க் வேண்டாம், இரண்டு தடவை அளவு தப்பாக வந்துவிட்டது.