சீட்டு இல்லாமல் செஃபிக்சிம் தரமாட்டேன்

நேற்று முழுக்க நம் தண்டையார்பேட்டைக் குழுவில் ஓடிய பஞ்சாயத்தைப் பார்த்திருப்பீர்கள். சளி, தொண்டை வலி என்று வந்தவருக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தர மறுத்த 'இரக்கமில்லாத மருந்துக்கடைக்காரி' நான்தான். கடையின் புகைப்படத்தையும் சேர்த்தே போட்டிருக்கிறார் அந்த அண்ணன். நல்ல விளம்பரம், நன்றி.

பொறுமையாகவே சொல்கிறேன். செஃபிக்சிம், அமாக்சிசிலின், ஊசியில் போடும் செஃப்ட்ரியாக்சோன் எல்லாம் பீட்டா-லாக்டம் என்ற ஒரே குடும்பம். பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சுவரின் இழைகளைப் பிணைக்கச் சில நொதிகளை வைத்திருக்கிறது. இந்த மருந்துகள் அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை முடக்கிவிடும். பிணைப்பில்லாத சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும், கிருமி சாகும். சாதாரணச் சளியோ வைரஸால் வருவது. வைரஸுக்கு அந்தச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை எதை வைத்து வெடிக்கவைப்பது? என் இரக்கத்தை வைத்தா?

"ஓர் அட்டை தின்றால் என்ன ஆகிவிடும்?" சளி வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்கள் சாகும், மருந்துக்கு மசியாதவை மிஞ்சிப் பெருகும். இன்னும் சிலர் மூன்று வேளை மாத்திரையை ஒரே வேளையில் விழுங்கலாமா என்று கேட்கிறார்கள். அமாக்சிசிலின் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். தேவையான அளவுக்கு மேல் அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு, எவ்வளவு உயரம் ஏறியது என்பதல்ல.

காசிமேட்டில் வலை இழுத்தவர் எங்கள் சித்தப்பா. உடம்பு சுட்டால் இரண்டு வேளை அமாக்சிசிலின், சூடு விட்டதும் நிறுத்தம். பிறகு ஒருமுறை சிறுநீரில் தொற்று வந்தது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. கிருமி அவற்றுக்கு அடங்காது என்று பொருள். செஃப்ட்ரியாக்சோனும் 'ஆர்'. மெரோபெனெம் என்ற விலை கூடிய ஊசி மருந்துக்குத்தான் கிருமி அடங்கியது, அதற்காகச் சித்தியின் வளையல் அடகுக்குப் போனது. அவர் தின்ற மாத்திரையால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வேறு யாரோ தின்றதில் வளர்ந்த கிருமியாகவும் இருக்கலாம். எனக்குப் பயமே அதுதான். அந்த மெரோபெனெமையும் உடைக்கும் என்டிஎம்-1 நொதி கொண்ட பாக்டீரியாக்கள் 44 சென்னையில் கிடைத்ததாக 2010இலேயே லான்செட் குழும இதழில் ஆய்வு வந்துவிட்டது. நம் ஊர்தான்.

"டாக்டர்களே சளிக்கு எழுதுகிறார்களே?" எழுதுகிறார்கள், தவறு. அடுத்தது.

"ஏழைகள் டாக்டருக்கு எங்கே போவார்கள்?" கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்த என்னிடமா இந்தப் பாடம்? நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதும் மருந்தும் இலவசம். அரை நாள் கூலி போகும் என்பீர்கள். போகும்தான். ஆனால் வெறும் சளிக்குக் கூலியை விட வேண்டாம், பாராசிட்டமாலும் வெந்நீரும் போதும், மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ போய்க் காட்டுங்கள் என்றுதான் அந்த அண்ணனிடம் சொன்னேன். அந்தப் பகுதியை மட்டும் பதிவில் காணோம்.

'மாத்திரை எண்ணிக் கொடுப்பவளுக்கு இவ்வளவு திமிரா' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டு பி.ஃபார்ம் படித்தது எண்ணக் கற்றுக்கொள்ளத்தான் போலிருக்கிறது. அண்ணா நகரில் மறுத்தால் விதிமுறை, இங்கே மறுத்தால் திமிர். நம் பகுதிக்கு மட்டும் எதையும் அள்ளிக் கொடுத்துவிட வேண்டும், அதற்குப் பெயர் இரக்கம்.

கடைசியில் அடுத்த தெருக் கடையில் வாங்கிவிட்டாராம், வெற்றிக் குறியோடு போட்டிருக்கிறார். செஃபிக்சிம், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஹெச்1 அட்டவணை மருந்து, அண்ணா. 2014 முதல் அதை விற்றால் நோயாளி பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அங்கே எந்த மருத்துவர் பெயரை எழுதினார்கள் என்று கேட்டீர்களா?