பிரசாரத்துக்கு 34 நாள் இருந்தது என்பது சரியில்லை

2024 மக்களவைத் தேர்தலில் அறிவிப்பு மார்ச் 16, வாக்குப்பதிவு ஏப்ரல் 19 என்று கூட்டி, “34 நாள் இருந்தும் தர்மபுரி வேட்பாளர்கள் பாதி ஊருக்கு வரவில்லை” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தேதிகள் சரி. கணக்குதான் தவறு.

வேட்புமனுத் தாக்கல் தொடங்கியதே மார்ச் 20. கடைசி நாள் 27, பரிசீலனை 28. மனுவைத் திரும்பப் பெறும் நாள் 30, அன்றுதான் இறுதிப் பட்டியல். சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்ததும் அதற்குப் பிறகுதான். சின்னம் இல்லாமல் கிராமத்தில் எதைக் காட்டி ஓட்டுக் கேட்பது? ஏப்ரல் 17 மாலை 6 மணியோடு பிரசாரம் முடிந்துவிட்டது. ஆக அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 18 நாள். பெரிய கட்சிக்காரர்கள் முன்பே கிளம்பியிருப்பார்கள், ஆனாலும் 34 வராது.

அப்புறம், இது எம்.பி. தொகுதி, எம்.எல்.ஏ. தொகுதி இல்லை. பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர், சேலம் மாவட்டத்து மேட்டூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒன்றுக்கு மூன்று நாள். அதிலும் சித்தேரி, வத்தல்மலை மாதிரி மலையூர்களுக்கு ஏறி இறங்கவே பாதி நாள் போய்விடும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியும் கூடாது. ஏப்ரல் வெயிலில் நண்பகலில் தெருவில் யார் நின்று கேட்பார்கள்?

ஜெயித்தவர் ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட வரவில்லை என்றால் அது நியாயமான கோபம், நானும் உங்களோடு சேர்ந்து கேட்பேன். ஆனால் இந்த 34 நாள் கணக்கைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள், பலர் அப்படியே பகிர்கிறார்கள்.